விடுமுறை வீட்டின் முன்பதிவைப் பணம் இழக்காமல் மாற்றுவதும் ரத்து செய்வதும்

விடுமுறைக்காக ஒரு வீட்டை முன்பதிவு செய்து, முழு வாடகையையோ அதில் ஒரு பகுதியையோ கட்டிவிட்ட பிறகு, பயணத் தேதி மாறுகிறது, அல்லது பயணமே நடக்காது என்று தெரிய வருகிறது. கட்டிய பணத்தை இழக்காமல் அந்தப் பதிவை மாற்றவோ ரத்து செய்யவோ வழி உண்டா என்பது கேள்வி. பல நேரங்களில் உண்டு. ஆனால், பெரும்பாலானோர் பதற்றத்தில் முதல் வேலையாகச் செய்துவிடும் ஒன்றை, அதாவது ரத்துப் பொத்தானை அழுத்துவதை, நீங்கள் கடைசி வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பொத்தானை நீங்கள் அழுத்திய நொடியில் இந்த ரத்து உங்கள் விருப்பத்தின்படி நடந்தது என்று பதிவாகிவிடுகிறது. விதிப்படி உங்களுக்கு என்ன கிடைக்குமோ அதைக் கணினி கணக்கிட்டு முடித்துவிடும். வீட்டின் அந்தத் தேதிகள் மற்றவர்களுக்குத் திறந்துவிடப்படும். அதற்குப் பிறகு உரிமையாளரிடம் கேட்பது சலுகையாக இருக்குமே தவிர உரிமையாக இருக்காது. பதிவு உயிரோடு இருக்கும்வரைதான் தேதியை மாற்றவும், உரிமையாளரோடு பேசவும், காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்கவும் உங்களுக்கு இடம் இருக்கிறது. அதற்காக நாள்களைக் கடத்தவும் கூடாது. பொத்தானைத் தொடாமல், ஆனால் அன்றைக்கே வேலையைத் தொடங்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது, பதிவு உறுதியானபோது உங்களுக்கு வந்த மின்னஞ்சலிலோ செயலியின் பதிவுப் பக்கத்திலோ உள்ள ரத்து விதி. வீட்டின் விளம்பரப் பக்கத்தில் இன்று தெரியும் விதியை நம்ப வேண்டாம். உரிமையாளர் அதை இடையில் மாற்றியிருக்கக்கூடும். உங்களைக் கட்டுப்படுத்துவது நீங்கள் பதிவு செய்த நாளில் இருந்த விதிதான். அதை உடனே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் காப்பீட்டுக்கும், வங்கியில் முறையிடுவதற்கும் அது தேவைப்படும்.

ஏர்பிஎன்பி, வெர்போ, புக்கிங் டாட் காம் ஆகியவை வீடுகளை இணையத்தில் வாடகைக்குப் பதிவு செய்ய உதவும் தளங்கள். ஒரே தளத்தில்கூட எல்லா வீடுகளுக்கும் ஒரே விதி இருப்பதில்லை. தளம் தரும் சில வகைகளிலிருந்து ஒன்றை உரிமையாளர் தேர்ந்தெடுக்கிறார். ஏர்பிஎன்பியில் ஃப்ளெக்சிபிள் என்ற வகையில், வீட்டுக்குள் நுழையும் நேரத்துக்கு 24 மணி நேரம் முன்புவரை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும். மாடரேட் வகையில் அந்தக் கெடு 5 நாள். லிமிடெட் வகையில் 14 நாள்வரை முழுத் தொகையும், அதன் பிறகு 7 நாள்வரை பாதியும் கிடைக்கும். ஃபர்ம் வகையில் முழுத் தொகைக்கு 30 நாளும் பாதித் தொகைக்கு 7 நாளும் கெடு. வெர்போவில் கெடுக்கள் இன்னும் நீளமானவை. அங்கே ரிலாக்ஸ்டு வகைக்கு 14 நாள், மாடரேட் வகைக்கு 30 நாள், ஃபர்ம் வகைக்கும் ஸ்ட்ரிக்ட் வகைக்கும் 60 நாள் இருக்கும்போதே ரத்து செய்தால்தான் முழுப் பணம் கிடைக்கும்; பணமே திரும்பாத வகையும் உண்டு. மாடரேட் என்ற ஒரே பெயர் ஒரு தளத்தில் 5 நாளையும் மற்றொரு தளத்தில் 30 நாளையும் குறிக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு தளத்தில் பழகியவர்கள் இன்னொரு தளத்தில் பெயரை மட்டும் பார்த்துப் பதிவு செய்து ஏமாறுவது இதனால்தான். புக்கிங் டாட் காமில் ஒவ்வொரு விடுதியும் வீடும் தனக்கான கெடுவைத் தானே வைக்கிறது. ஒரே வீட்டுக்கு இலவச ரத்து உள்ள விலையும் பணம் திரும்பாத விலையும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும் என்பதால், எந்த விலையில் பதிவு செய்தீர்கள் என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

கெடு எந்தக் கடிகாரப்படி என்ற விஷயத்தில் நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள். ஏர்பிஎன்பி உள்ளிட்ட தளங்களில் கெடு, வீடு இருக்கும் ஊரின் நேரப்படிதான் கணக்கிடப்படுகிறது. நீங்கள் இருக்கும் ஊரின் நேரம் இங்கே செல்லாது. வீடு உங்களுக்குக் கிழக்கே பல நேர மண்டலங்கள் தள்ளி இருந்தால், உங்கள் கடிகாரத்தில் கெடு சில மணி நேரம் முன்னதாகவே முடிந்துவிடும். தவிர, ‘5 நாள் முன்பு’ என்பது பெரும்பாலும் நள்ளிரவிலிருந்து எண்ணப்படுவதில்லை; வீட்டுக்குள் நுழையும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணப்படுகிறது. நுழைவு நேரம் பிற்பகல் 3 மணி என்றால், ஐந்து நாளுக்கு முந்தைய பிற்பகல் 3 மணியோடு கெடு முடிகிறது. அன்று இரவு ஆற அமர முடிவெடுக்கலாம் என்று இருந்தவருக்குப் பணம் போய்விடுகிறது. பதிவு செய்த அன்றே அந்த நேரத்தை உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றி, அதற்கு இரண்டு நாள் முன்பாக உங்கள் கைப்பேசியில் ஒரு நினைவூட்டலை வைத்துவிடுவது, இந்தப் பதில் முழுவதிலும் மிக எளிய, மிகப் பயனுள்ள காரியம் என்று நான் கருதுகிறேன்.

பதிவு செய்து சில மணி நேரமே ஆகியிருந்தால் உங்கள் நிலை வலுவானது. 2025 அக்டோபர் 1 முதல் ஏர்பிஎன்பியில், 28 இரவுக்குக் குறைவான தங்கலுக்கு, நுழைவுக்குக் குறைந்தது 7 நாள் முன்பு உறுதியான பதிவை, உறுதியான 24 மணி நேரத்துக்குள் முழுப் பணத்தோடு ரத்து செய்ய முடிகிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இது சட்டமாகவே இருக்கிறது. அங்கே உள்ள விடுதியையோ குறுகிய கால வாடகை வீட்டையோ, நுழைவுக்கு 72 மணி நேரமோ அதற்கு மேலோ இருக்கும்போது பதிவு செய்தால், உறுதியான 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்யலாம் என்று 2024 ஜூலை 1 முதல் அச்சட்டம் நடைமுறையில் உள்ளது. ஆனால் இதை உலகம் முழுவதற்குமான உரிமையாக எண்ணிவிடக் கூடாது. இணையத்தில் வாங்கிய எதையும் 14 நாளுக்குள் திருப்பிவிடலாம் என்ற ஐரோப்பிய விதியைச் சிலர் நம்பி இருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011/83 எண்ணுள்ள நுகர்வோர் உரிமை நெறிமுறை அந்த உரிமையைத் தருவது உண்மைதான். ஆனால் குறிப்பிட்ட தேதிக்குப் பதிவு செய்யப்பட்ட தங்குமிடத்தை அதே நெறிமுறையின் 16ஆவது பிரிவு அந்த உரிமையிலிருந்து விலக்கி வைக்கிறது. எனவே, அந்த 14 நாளைக் காட்டி உரிமையாளரிடம் வாதாடினால் பலன் இருக்காது.

கெடுவுக்குள் இருக்கிறீர்கள் என்றால் வேலை எளிது. செயலியில் ரத்துப் பக்கத்தைத் திறந்தால், இறுதியாக உறுதிப்படுத்தும் முன்பே எவ்வளவு திரும்பும் என்ற கணக்கைத் தளம் காட்டிவிடும். அந்தத் தொகையைப் பார்த்து, படமெடுத்து, பிறகு உறுதிப்படுத்துங்கள். வேறு வீட்டுக்கு மாறத்தான் ரத்து செய்கிறீர்கள் என்றால், இலவச ரத்து உள்ள புதிய வீட்டை முதலில் உறுதிசெய்துவிட்டுப் பழையதை விடுங்கள். பழையதை விட்டுவிட்டுப் புதியதைத் தேடுவோர், பண்டிகை நாள்களில் இரண்டும் இல்லாமல் நிற்கிறார்கள். ஒரே வீட்டின் விலை இடையில் குறைந்திருந்தால், உங்கள் பதிவே அந்தத் தேதிகளை அடைத்துக்கொண்டிருக்கும் என்பதால் புதிதாகப் பதிவு செய்ய முடியாது. அப்போது உரிமையாளரிடம் விலையைத் திருத்தும்படி கேட்பதுதான் நேர்வழி. கெடுவுக்குள் நீங்கள் விலகிவிட முடியும் என்பது அவருக்கும் தெரியும் என்பதால், பல உரிமையாளர்கள் இதற்கு இணங்குகிறார்கள்.

கெடு தாண்டிவிட்டதா? அப்போது ரத்தைப் பற்றி எண்ணுவதற்கு முன்னால் மாற்றத்தைப் பற்றி எண்ணுங்கள். பணம் திரும்பாத விதி என்பது, பதிவை வேறு தேதிக்கு நகர்த்தவே முடியாது என்று பொருள்படாது. ஏர்பிஎன்பியில் பதிவை மாற்றும் கோரிக்கையை அனுப்பி, உரிமையாளர் ஏற்றுக்கொண்டால் தேதி மாறிவிடும். புக்கிங் டாட் காமில் தேதி மாற்றத்தைக் கேட்கவும், ரத்துக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்படி கேட்கவும் தனித்தனி வழிகள் பதிவுப் பக்கத்திலேயே பல நேரங்களில் இருக்கின்றன. உரிமையாளரைப் பொறுத்தவரை, பணத்தைத் திருப்பிக் கொடுப்பது இழப்பு. தேதியை மாற்றிக் கொடுப்பது பெரும்பாலும் இழப்பே இல்லை. அதனால் முதல் கேள்விக்கு முடியாது என்றவர் இரண்டாவது கேள்விக்குச் சரி என்று சொல்வதைப் பார்க்கலாம்.

மாற்றம் கேட்கும்போது விலையைக் கவனிக்க வேண்டும். புதிய தேதிக்கு அன்றைய விலைதான் பொதுவாகப் பொருந்தும். கூட்டம் குறைந்த காலத்திலிருந்து கூட்டம் நிறைந்த காலத்துக்கு நகர்ந்தால் மீதிப் பணம் கட்ட வேண்டியிருக்கும். நாள்களைக் குறைப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வாரத் தங்கலுக்கு உரிமையாளர் தள்ளுபடி கொடுத்திருந்தால், ஏழு இரவை ஐந்தாக்கும்போது அந்தத் தள்ளுபடி போய், மிச்சமாகும் என்று நினைத்த தொகையில் பெரும்பகுதி கரைந்துவிடும். மாதத் தங்கலை 28 இரவுக்குக் கீழே கொண்டுவந்தாலும், அதற்கு மேலே கொண்டுபோனாலும் ஏர்பிஎன்பியில் பொருந்தும் ரத்து விதியே மாறக்கூடும். ஆகவே, கோரிக்கையை அனுப்பும் முன் காட்டப்படும் புதிய மொத்தத் தொகையையும் புதிய விதியையும் முழுவதும் படியுங்கள்.

தேதியைப் பல மாதம் தள்ளி மாற்றிக்கொண்டு, புதிய தேதிக்கு இன்னும் கெடு இருக்கிறது என்று சொல்லி அதை முழுப் பணத்தோடு ரத்து செய்யலாம் என்றொரு யோசனையும் புழக்கத்தில் உண்டு. இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் சொல்லை நம்பித் தேதியை மாற்றித் தந்த ஒருவரை ஏமாற்றுவது அது. நடைமுறையிலும் அது உறுதியான வழி இல்லை. மாற்றிய பிறகும் பழைய தேதியின் கெடுவே பொருந்தும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொள்ளும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள்.

உரிமையாளருக்கு எழுதும் செய்தியில்தான் பெரும்பாலான பணம் காப்பாற்றப்படுகிறது; எனவே அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். அவர் விற்பது இரவுகளை. நடந்து முடிந்த ஓர் இரவை மறுபடி விற்க முடியாது. உங்கள் பதிவு இருந்த காரணத்தால் அவர் வேறு சிலரைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆகவே, நுழைவுக்கு நாற்பது நாள் இருக்கும்போது நீங்கள் சொன்னால், அவர் அந்த இரவுகளை மறுபடி விற்றுக்கொள்ள முடியும். நான்கு நாள் இருக்கும்போது சொன்னால் முடியாது. கடுமையான ரத்து விதிகள் இந்தக் கணக்கிலிருந்தே பிறந்தவை. உங்கள் வேண்டுகோளும் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்வதாக இருந்தால் ஏற்கப்படும் வாய்ப்பு கூடும். உங்கள் துயரத்தை மட்டும் சொல்வதாக இருந்தால் அனுதாபம் கிடைக்கும், பணம் கிடைப்பது அவருடைய மனத்தைப் பொறுத்தது.

ஆகவே, செய்தி சுருக்கமாகவும் உண்மையாகவும், ஒரு முன்மொழிவோடும் இருக்கட்டும். இப்படி எழுதலாம்: ‘வணக்கம். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை உங்கள் வீட்டைப் பதிவு செய்திருக்கிறோம். குடும்பத்தில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை என்று நேற்று முடிவானதால் எங்களால் வர இயலாது. ரத்துக் கெடு முடிந்துவிட்டது என்பதை அறிவோம். முதல் விருப்பமாக, அடுத்த ஆறு மாதத்துக்குள் உங்களுக்கு ஏற்ற வேறு தேதிக்கு மாற்றித் தர முடியுமா? அது இயலாது என்றால், நாங்கள் இப்போதே ரத்து செய்து தேதிகளை உங்களுக்கு விடுவிக்கிறோம். அந்த இரவுகள் வேறு யாருக்காவது வாடகைக்குப் போனால், போன இரவுகளுக்கான தொகையை மட்டும் எங்களுக்குத் திருப்பித் தர இயலுமா?’ இந்தக் கடைசி வேண்டுகோள் மிகவும் நியாயமானது. இதில் உரிமையாளர் எதையும் இழப்பதில்லை. அதே இரவுக்கு இருவரிடம் வாடகை வாங்காமல் இருக்கிறார், அவ்வளவுதான். நேரடியாக வாடகைக்கு விடும் பலர் தங்கள் ஒப்பந்தத்திலேயே இந்த வாசகத்தை, ஒரு சிறு நிர்வாகக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு, சேர்த்திருக்கிறார்கள்.

மிரட்டலோடு தொடங்க வேண்டாம். மோசமான மதிப்பீடு எழுதுவேன் என்று சொல்லிப் பணம் கேட்பது தளங்களின் விதிக்கு எதிரானது. உங்கள் நியாயமான வேண்டுகோளையும் அது கெடுத்துவிடும். தொலைபேசியில் பேசினாலும், பேசி முடித்தவுடன், பேசியது இன்னது என்று தளத்தின் செய்திப் பெட்டியில் எழுதி, அவரிடமிருந்து ‘சரி’ என்ற பதிலை வாங்கிவிடுங்கள். தளத்துக்கு வெளியே வாட்ஸ்ஆப்பில் தந்த வாக்குறுதியைத் தளத்தின் உதவிப் பிரிவு பொதுவாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ‘எவ்வளவு’, ‘எப்போது’, ‘எந்த வழியாக’ என்ற மூன்றும் எழுத்தில் வந்த பிறகுதான் ரத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். ஏர்பிஎன்பி, விருந்தினர் நுழைந்து ஏறத்தாழ 24 மணி நேரம் கழித்துத்தான் பொதுவாக உரிமையாளருக்குப் பணத்தை விடுவிக்கிறது. நுழைவுக்கு முன்பு நீங்கள் கேட்கும்போது பணம் இன்னும் அவர் கைக்குப் போயிருக்காது. இல்லாத பணத்தை விட்டுக்கொடுப்பது, வங்கியில் விழுந்த பணத்தை எடுத்துக் கொடுப்பதைவிட எளிது. சீக்கிரம் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு நேர்மாறான ஒரு நிலைமையும் வரும். வீட்டில் பழுது, தேதி இரட்டிப்பாகப் பதிவாகிவிட்டது என்று ஏதோ ஒரு காரணம் சொல்லி, ‘நீங்களே ரத்து செய்துவிடுங்கள், பணத்தைத் தந்துவிடுகிறேன்’ என்று உரிமையாளர் கேட்பார். செய்யாதீர்கள். ஏர்பிஎன்பியில் உரிமையாளர் ரத்து செய்தால் உங்களுக்கு முழுத் தொகை திரும்புவதோடு, அவருக்கு அபராதமும் விழும். நுழைவுக்கு 30 நாளுக்கு மேல் இருந்தால் பதிவுத் தொகையில் 10 சதவீதம், அதற்குள் என்றால் 25 சதவீதம், கடைசி 48 மணி நேரத்தில் என்றால் 50 சதவீதம் என்பது அங்கே பொது விதி. இந்த அபராதத்தைத் தவிர்க்கவே அந்த வேண்டுகோள் வருகிறது. நீங்கள் அழுத்தினால் அது உங்கள் ரத்தாகிவிடும். கெடு கடந்திருந்தால் ஒரு காசும் வராமல் போகலாம். ‘உங்கள் பக்கத்திலிருந்து ரத்து செய்யுங்கள்’ என்று பணிவாக, தளத்தின் செய்திப் பெட்டியிலேயே பதில் எழுதுங்கள். அவர் செய்யாவிட்டால் அந்த உரையாடலைக் காட்டித் தளத்தின் உதவிப் பிரிவை அணுகுங்கள்.

பேரிடர் விஷயத்தில் பலர் நினைப்பதைவிடக் குறைவாகவே பாதுகாப்பு இருக்கிறது. 2020 மார்ச்சில் கோவிட் பரவியபோது, மார்ச் 14 அல்லது அதற்கு முன்பு செய்யப்பட்டு, மார்ச் 14 முதல் ஏப்ரல் 14 வரை நுழைவு இருந்த பதிவுகளுக்கு முழுப் பணத்தையும் திருப்புவதாக ஏர்பிஎன்பி அறிவித்தது. உரிமையாளர்களிடமிருந்து எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து அவர்களுக்கு 25 கோடி டாலர் ஒதுக்கியது. அந்த அனுபவத்தால், தனக்கு ஏதாவது நேர்ந்தால் தளம் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் பரவியது. இன்றைய விதி அப்படி இல்லை. 2024 ஜூன் 6 முதல் நடைமுறைக்கு வந்த ஏர்பிஎன்பியின் பெரும் இடையூறு பற்றிய கொள்கை, வீடு இருக்கும் இடத்தைப் பாதிக்கும் இயற்கைப் பேரிடர், போர், அரசு அறிவித்த நெருக்கடி நிலை, பயணத் தடை, பரவலான மின் அல்லது குடிநீர்த் துண்டிப்பு போன்றவற்றை ஏற்கிறது. பயணிக்கு வந்த நோய், விபத்துக் காயம், நீதிமன்ற அழைப்பு, எதற்காகப் போகிறோமோ அந்த நிகழ்ச்சியே ரத்தாவது, தடை என்ற அளவுக்குப் போகாத பயண எச்சரிக்கை ஆகியவற்றை அது ஏற்பதில்லை. உங்கள் உடல்நிலையும் குடும்பச் சூழ்நிலையும் தளத்தின் பொறுப்பு அல்ல. அவை காப்பீட்டின் வேலை என்று கோடு கிழிக்கப்பட்டுவிட்டது.

விமானத்தையும் வீட்டையும் ஒரே நிறுவனத்திடம் ஒரே தொகுப்பாக வாங்கியவர்களின் நிலை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015/2302 எண்ணுள்ள தொகுப்புப் பயண நெறிமுறைப்படி, போகும் இடத்தில் தவிர்க்க முடியாத அசாதாரணச் சூழல் ஏற்பட்டுப் பயணத்தைக் கணிசமாகப் பாதித்தால், கட்டணமின்றி விலகி முழுத் தொகையையும் திரும்பப் பெறலாம். புறப்படுவதற்கு 7 நாள் முன்பாகத் தெரிவித்து, அந்தத் தொகுப்பை வேறொருவர் பெயருக்கு மாற்றவும் செய்யலாம், மாற்றும் செலவை மட்டும் ஏற்க வேண்டும். தனியாகப் பதிவு செய்த வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனாலும், பெயர் மாற்றும் யோசனை அங்கேயும் கைகொடுக்கும். உங்களால் போக முடியாத வீட்டுக்கு உறவினரோ நண்பரோ போக விரும்பினால், உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதியோடு அவர்களை அனுப்பலாம். பதிவு செய்தவரே தங்க வேண்டும் என்ற விதி பல தளங்களில் இருப்பதால், அனுமதி வாங்காமல் அனுப்பி அவர்களை வாசலில் நிற்க வைத்துவிடாதீர்கள்.

பயணக் காப்பீடு எடுத்திருந்தால், ரத்து செய்வதற்கு முன்பே அந்த ஆவணத்தைப் படியுங்கள். சாதாரணக் காப்பீடு, அதில் பெயர் சொல்லப்பட்ட காரணங்களுக்கு மட்டுமே பணம் தரும். பயணிக்கோ நெருங்கிய குடும்பத்தினருக்கோ ஏற்படும் நோய், காயம், மரணம் ஆகியவை பெரும்பாலும் அதில் இருக்கும். மனம் மாறியது, விடுப்பு கிடைக்கவில்லை போன்றவை பெரும்பாலும் இருக்காது. நோய்க்காக ரத்து செய்வதாக இருந்தால், முதலில் மருத்துவரைப் பார்த்து, பயணம் செய்யக் கூடாது என்று எழுதி வாங்கிவிட்டு அதன் பிறகு ரத்து செய்யுங்கள். ரத்து செய்த பிறகு வாங்கிய சான்றிதழைக் காரணம் காட்டிக் கோரிக்கையை மறுக்க நிறுவனத்துக்கு இடம் கிடைத்துவிடுகிறது. காரணம் தெரிந்த பிறகும் தாமதித்து, அதனால் ரத்துக் கட்டணம் கூடியிருந்தால், கூடிய தொகையைத் தர மாட்டோம் என்ற நிபந்தனையும் பல காப்பீடுகளில் உண்டு. ஆகவே, காரணம் உறுதியான நாளிலேயே நிறுவனத்துக்குத் தகவல் தர வேண்டும். வேறு எங்கும் திரும்பக் கிடைக்காத தொகையை மட்டுமே காப்பீடு ஈடுசெய்யும் என்பதால், உரிமையாளர் எவ்வளவு திருப்பினார், எவ்வளவு திருப்பவில்லை என்ற சீட்டும், ரத்து விதியின் நகலும் அவர்களுக்கு வேண்டும். உரிமையாளர் பணத்துக்குப் பதிலாக, அந்தத் தொகைக்குப் பின்னாளில் தங்கிக்கொள்ளலாம் என்ற வாக்கைத் தந்து நீங்கள் அதை ஏற்றுவிட்டால், உங்களுக்கு இழப்பே இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் சொல்லக்கூடும். இரண்டில் எது வேண்டும் என்பதை முன்பே தீர்மானியுங்கள்.

எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்ய அனுமதிக்கும் காப்பீடும் சில நாடுகளில், குறிப்பாக அமெரிக்காவில், கிடைக்கிறது. அது பொதுவாகச் செலவில் 50 முதல் 75 சதவீதம்வரை திருப்பித் தரும். முதல் தொகையைக் கட்டிய இரண்டு, மூன்று வாரத்துக்குள் வாங்கியிருக்க வேண்டும், புறப்படுவதற்குப் பெரும்பாலும் 48 மணி நேரம் முன்பாவது ரத்து செய்ய வேண்டும் என்ற நிபந்தனைகள் அதில் இருக்கும். அதன் பிரீமியம் கூடுதல் என்பதால், ஒரு வாரத் தங்கலுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. பல குடும்பங்கள் சேர்ந்து பெரிய வீட்டை நீண்ட நாளுக்கு எடுக்கும்போது யோசிக்கலாம். அதைவிட மலிவான காப்பீடு, பதிவு செய்யும்போதே நல்ல ரத்து விதியுள்ள வீட்டைத் தேர்வதுதான். ஏர்பிஎன்பியில் பணம் திரும்பாது என்று ஒப்புக்கொள்பவர்களுக்கு 10 சதவீதம் தள்ளுபடி தரும் வீடுகளைப் பார்க்கலாம். பத்தில் ஒரு பங்கு மிச்சத்துக்காகப் பத்துப் பங்கையும் பணயம் வைப்பது, நாளை மறுநாள் கிளம்புகிறவருக்குச் சரியாக இருக்கலாம்; நான்கு மாதம் கழித்துப் போகிறவருக்குச் சரியல்ல.

போய்ச் சேர்ந்த பிறகு வீடு விளம்பரத்தில் சொன்னபடி இல்லை என்றால் ரத்து என்ற சொல்லையே எடுக்காதீர்கள். அது உங்கள் விருப்ப ரத்து அல்ல, அவர்கள் சொன்ன சொல்லைக் காக்காதது. முதலில் உரிமையாளரிடம் எழுத்தில் சொல்லி, சரிசெய்ய வாய்ப்பு கொடுங்கள். படமும் காணொளியும் எடுங்கள். உடனே தளத்திடம் புகார் செய்யுங்கள். ஏர்பிஎன்பியில் குறையைக் கண்ட 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கோபத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறி, பதிவை ரத்து செய்துவிட்டுப் பிறகு புகார் எழுதுகிறவர்கள் தங்கள் வழக்கைத் தாங்களே பலவீனமாக்கிக்கொள்கிறார்கள்.

எல்லா வழியும் அடைபட்ட பிறகு, கார்டில் கட்டிய பணத்தை வங்கி மூலம் எதிர்த்துக் கேட்பது ஒன்று இருக்கிறது. வீடே இல்லை, உரிமையாளர் ரத்து செய்தும் பணம் தரவில்லை, திருப்புவதாக எழுதிக் கொடுத்தும் வரவில்லை என்ற நிலைகளுக்கு அது சரியான கருவி. நீங்கள் ஒப்புக்கொண்ட விதிப்படியே பணம் பிடிக்கப்பட்டிருந்தால் வங்கி உங்களுக்குச் சாதகமாகத் தீர்க்காது. தளம் உங்கள் கணக்கை முடக்கவும் கூடும். பிரிட்டனில் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுவரை விலையுள்ளதைக் கிரெடிட் கார்டில் வாங்கியவருக்கு, விற்றவரிடம் உள்ள அதே உரிமையைக் கார்டு நிறுவனத்திடமும் தருகிறது. இடைத்தரகர் வழியாகப் பணம் போயிருந்தால் அந்தப் பிரிவு பொருந்துமா என்பதில் சிக்கல் எழும். வங்கி மாற்றல் மூலம் நேராக ஒருவர் கணக்குக்கு அனுப்பிய பணத்துக்கு இத்தகைய பாதுகாப்பு எதுவும் பொதுவாக இல்லை.

பணம் திரும்புவது உறுதியான பிறகும் அது முழுமையாக வந்ததா என்று சரிபாருங்கள். நீங்கள் தங்காத வீட்டுக்குத் துப்புரவுக் கட்டணம் பிடிக்கப்பட்டிருந்தால் கேட்டு வாங்குங்கள். சேத முன்பணம் தனியாகக் கட்டியிருந்தால் அதுவும் திரும்ப வேண்டும். தளத்தின் சேவைக் கட்டணம் திரும்புமா என்பது தளத்துக்குத் தளம் மாறும். அயல்நாட்டுப் பணத்தில் கட்டியிருந்தால், கட்டிய நாளின் மாற்று விகிதமும் திரும்பும் நாளின் விகிதமும் வேறாக இருப்பதால் சிறு வித்தியாசம் வரும். அதைத் தளம் ஈடுசெய்வதில்லை. கார்டுக்குப் பணம் வந்து சேர ஒரு வாரம், சில வங்கிகளில் இரண்டு வாரமும் ஆகலாம். இந்தக் காத்திருப்பில்தான் மோசடிக்காரர்கள் நுழைகிறார்கள். ‘பணம் திரும்ப உதவி எண்’ என்று தேடுபொறியில் தேடினால் வரும் எண்களில் போலியானவை கலந்திருக்கும். அவர்கள் உங்கள் பதிவு எண்ணைக் கேட்டு, பணத்தை அனுப்புவதாகச் சொல்லி, கார்டு விவரத்தையோ ஓடிபியையோ வாங்கிக்கொள்வார்கள். பணத்தைத் திருப்பித் தர யாருக்கும் உங்கள் ஓடிபி தேவையில்லை. செயலிக்குள் உள்ள உதவிப் பகுதி வழியாக மட்டும் பேசுங்கள். இரண்டு வாரம் கடந்தும் வராவிட்டால், தளத்திடம் பணம் திருப்பிய பரிவர்த்தனையின் குறிப்பு எண்ணை எழுத்தில் வாங்கி, அதோடு வங்கியை அணுகுங்கள்.